வண்டி டாப்பும் ஆன்டெனாவில் பாதி

வாசகர் கேள்வி பதில்

காரில் ஹாம் ரேடியோ வைப்பதைப் பற்றிப் போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னபோது, "கம்பி எந்தக் கம்பெனி என்று பார்ப்பதற்கு முன்னால், அதற்குக் கீழே எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று பாருங்கள்" என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவைதான். அதனால் இந்த முறை முழுக்கவும் கிரவுண்ட் பிளேன், அதாவது ஆன்டெனாக் கம்பிக்கு அடியில் அதன் மறுபாதியாக வேலை செய்யும் உலோகப் பரப்பு.

"145 மெகாஹெர்ட்ஸுக்கு நானும் நண்பரும் ஒரே கடையில் ஒரே மாதிரி கால் அலைக் கம்பி (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) வாங்கினோம். அவர் காரின் டாப்பில் நட்டநடுவில் மேக்னட்டோடு நிறுத்தியிருக்கிறார். நான் டிக்கி மூடியின் ஓரத்தில் கிளாம்ப் போட்டு மாட்டினேன். அவர் பேசினால் மலைமேல் இருக்கும் ரிப்பீட்டரில் (நம் பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) தெளிவாக விழுகிறது, என் குரல் கரகரக்கிறது. கம்பியை மாற்றிவிடட்டுமா?" (ஈரோட்டு வாசகர்)

மாற்ற வேண்டாம், காசு வீண். இரண்டு பேரிடமும் இருப்பது அரை ஆன்டெனாதான். மீதிப் பாதியை அவர் சரியான இடத்தில் எடுத்துக்கொண்டார், நீங்கள் எடுக்கவில்லை.

கோஆக்ஸ் கேபிளைச் சீவிப் பார்த்தால் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி ஒரு பின்னல் இருக்கும். நடுக்கம்பி மேலே நிற்கும் கம்பிக்குப் போய்விடுகிறது. பின்னல் எங்கே போகிறது? டைபோல் ஆன்டெனாவில் அதற்கென்று இன்னொரு கால் அலைக் கம்பி இருக்கும். வண்டியில் அந்த இரண்டாவது கம்பி கிடையாது, அதன் வேலையை டாப் தகடு பார்க்கிறது. கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் ஏறுகிறதோ அவ்வளவும் அதன் அடியிலிருந்து தகட்டில் எல்லாத் திசையிலும் பரவி ஓட வேண்டும். பரவ இடம் கிடைத்தால் தகடு கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும், கீழேயும் ஒரு கம்பி தொங்குவதுபோல அலை வெளியே போகும். இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த மின்னோட்டம் சும்மா இருக்காது, கேபிள் பின்னலின் வெளிப்பக்கமாக வண்டிக்குள் இறங்கி வந்துவிடும். பேசும்போது மைக்கின் உலோகப் பகுதியில் உதடு பட்டால் சுள்ளென்று இருக்கிறதா? காரின் மியூசிக் சிஸ்டத்தில் கொர் என்று சத்தம் வருகிறதா? இரண்டுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 145-க்கு 2.07 மீட்டர், அதில் கால் பங்கு 52 செ.மீ. (ட்யூன் பண்ணும்போது கம்பியைக் கொஞ்சம் வெட்டி 49 செ.மீ. அளவில் நிறுத்துவோம்.) ஆக, கம்பியின் அடியிலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் அரை மீட்டர் தகடு இருந்தால் போதும். சின்ன காரின் டாப்பே ஒரு மீட்டருக்கு மேல் அகலம், அதனால் உங்கள் நண்பரின் கம்பி அளவெடுத்துத் தைத்த சட்டை போட்டமாதிரி உட்கார்ந்திருக்கிறது. டிக்கி ஓரத்தில் உங்களுக்கு முன்பக்கம் தகடு இருக்கிறது, பின்பக்கம் வெறும் காற்று. போதாததற்கு அந்தக் கம்பியின் பெரும்பகுதி காரின் பின் கண்ணாடிக்கும் டாப்புக்கும் பக்கத்திலேயே மறைந்து நிற்கிறது. இப்படி வைத்தால் அலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகாது, ஒரு பக்கம் தூக்கலாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் இருக்கும். பொதுவாக எந்தப் பக்கம் தகடு அதிகமோ அந்தப் பக்கம் கொஞ்சம் பலமாகப் போகும். காலி மைதானத்தில் காரை நிறுத்தி, மூக்கை ரிப்பீட்டர் பக்கம் வைத்து ஒரு தடவை, பின்பக்கத்தை வைத்து ஒரு தடவை பேசிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே தெரிந்துவிடும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 435 மெகாஹெர்ட்ஸில் கால் அலை வெறும் 17 செ.மீ., அதற்குத் தேவையான தகடு 35 செ.மீ. விட்டம், அதாவது ஒரு பெரிய தாம்பாளம். 435-க்கான சின்னக் கம்பியை மேக்னட்டோடு மர மேஜைமேல் வைத்து, பவரை ஒரு வாட்டுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் (அனுப்பிய பவர் ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கேபிளைக் கையால் பிடித்தாலே முள் ஆடும், கேபிளும் ஆன்டெனாவாகிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. இப்போது மேக்னட்டுக்கு அடியில் தாம்பாளத்தைக் கவிழ்த்து வையுங்கள். எவர்சில்வரில் மேக்னட் ஒட்டாமல் போகலாம், பரவாயில்லை, நடுவில் வைத்தால் போதும். முள் இறங்கும், கேபிளைத் தொட்டாலும் முன்னைப்போல ஆடாது. அப்புறம் மேக்னட்டைத் தாம்பாளத்தின் விளிம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போங்கள், உங்கள் டிக்கியில் என்ன நடந்தது என்பது மேஜைமேலேயே தெரியும்.

"புது காரில் டாப் முழுக்கக் கண்ணாடி. மேக்னட் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை." (கோவை வாசகி)

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கண்ணாடி டாப் என்று சொன்னாலும் அதைச் சுற்றி இரும்புச் சட்டம் இருக்கும். கண்ணாடி முடிகிற இடத்துக்கும் பின்கதவுக்கும் நடுவில் சில கார்களில் ஒரு சாண் அளவுக்குத் தகடு கிடைக்கும். 435-க்கு அது ஏறத்தாழப் போதும். 145-க்குப் போதாது, ஆனாலும் அந்தச் சட்டம் வண்டியின் மற்ற உடம்போடு வெல்டிங்கில் ஒன்றாக இருப்பதால் டிக்கி ஓரத்தைவிட மேல். அதுவும் கிடைக்காவிட்டால் பானெட்டும் முன் மட்கார்டும் சேரும் இடத்தில் கிளாம்ப் போடலாம். பெரிய தகடு, சுத்தமான இடம், ஓட்டும்போது கண்ணை மறைக்காத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

மூன்றாவது வழி, கிரவுண்ட் பிளேனை நம்பாத ஆன்டெனாவுக்கு மாறுவது. அரை அலைக் கம்பி, 145-க்கு ஒரு மீட்டர் உயரம். அதன் அடிமுனையில் மின்னோட்டம் மிகக் குறைவு, மின்னழுத்தம்தான் அதிகம், அதனால் அடியில் தகடு இல்லாவிட்டாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. அதைக் கேபிளோடு பொருத்துவதற்கென்று அடியில் ஒரு மேட்சிங் காயில் (கம்பிச் சுருள்) இருக்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் "இது அரை அலையா, எட்டில் ஐந்து அலையா" என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி உயரமாக, அடியில் காயிலோடு இருக்கும். எட்டில் ஐந்து அலைக் கம்பிக்கு நல்ல கிரவுண்ட் பிளேன் கட்டாயம் வேண்டும், அதைக் கண்ணாடி டாப் வண்டிக்கு வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

"கார் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, டாப் கேரியரில் மாட்டிய ஆன்டெனா பிராக்கெட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தடிமனான வயர் இழுத்து எர்த் கொடுத்தேன். மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். 3-க்குக் கீழே வரவே இல்லை." (மதுரை வாசகர்)

உங்கள் எலக்ட்ரீஷியன் தப்பாகச் செய்யவில்லை. ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் அதுதான் எர்த். ரேடியோ அலைக்கு எர்த் என்றால் வேறு. 145 மெகாஹெர்ட்ஸில் அரை மீட்டர் வயரே ஒரு கால் அலை. கால் அலை நீளமுள்ள வயரின் ஒரு முனையைத் தரையோடு சேர்த்தால், மறுமுனையில் அது திறந்து கிடப்பதுபோல நடந்துகொள்ளும், இணைப்பே இல்லாத மாதிரி. நீங்கள் இழுத்த வயர் டாப்பிலிருந்து பானெட்டுக்குள் போய்ச் சேர எப்படியும் மூன்று மீட்டர் இருக்கும். மல்டிமீட்டருக்கு அது எர்த், ரேடியோவுக்கு அது வெறுமனே இன்னொரு வயர். எர்த் எங்கே வேண்டும் என்றால் கம்பியின் காலடியில், சில சென்டிமீட்டருக்குள்.

கேரியரில்தான் உங்கள் உண்மையான சிக்கல் இருக்கிறது. கேரியர் முழுக்கப் பவுடர் கோட்டிங், அது நிற்பது ரப்பர் பாதத்தில். உலோகத்தைப் பார்த்ததும் கிரவுண்ட் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் அது வண்டி உடம்பைத் தொடவே இல்லை.

இதே தப்பை நானும் ஒரு வருஷம் செய்தேன். என் பழைய வேனில் டாப்பின் மழைநீர் வடியும் விளிம்பில் மாட்டுகிற பிராக்கெட், பணம் வாங்கிக்கொண்டு ஒரு கடையில் மாட்டிக் கொடுத்தார்கள், நான்கு ஸ்க்ரூவும் இறுக்கமாகத்தான் இருந்தன. ஒருநாள் மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையைப் பிராக்கெட்டிலும் இன்னொன்றைக் கதவின் கொண்டி இரும்பிலும் வைத்துப் பார்த்தால் பீப் சத்தமே வரவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றினேன். முனை ஒவ்வொன்றும் பெயின்டில் ஒரு பள்ளம் போட்டிருந்ததே தவிர இரும்பைத் தொடவில்லை, பள்ளத்துக்குள் வண்டியின் நீல நிறம் அப்படியே பளபளவென்று இருந்தது. உப்புத்தாளால் அந்த நான்கு புள்ளியை மட்டும் வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவித் திரும்ப முடுக்கினேன். 3-ல் நின்ற முள் 1.5-க்கு வந்தது. செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

நீங்களும் முதலில் பீப் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஆன்டெனாவைக் கேரியரிலிருந்து எடுத்து டாப்பிலேயே வைத்துவிடுவது நல்லது. கேரியரில்தான் வைக்க வேண்டும் என்றால் பிராக்கெட்டுக்குக் கீழே ஒரு மீட்டர் சதுரத்துக்கு அலுமினிய வலையோ தகடோ கட்டி, பிராக்கெட்டோடு நேராகச் சேருங்கள். கேரியர் அகலம் போதாது என்றால் அரை அலைக் கம்பி.

"பெயின்டுக்கு மேல்தானே மேக்னட் உட்காருகிறது, இரும்பைத் தொடவில்லையே. அப்புறம் எப்படி அது மட்டும் வேலை செய்கிறது?" (மேலே உள்ள பதிலை எதிர்பார்த்ததுபோல ஒரு மாணவர், திருச்சி)

அருமையான கேள்வி. மேக்னட்டின் அடித்தகடும் டாப் தகடும் நடுவில் பெயின்டோடு சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. 9 செ.மீ. விட்டமுள்ள மேக்னட், நடுவில் 0.2 மி.மீ. இடைவெளி என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 850 பிக்கோஃபாரட் வரும். 145 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை ஒன்றேகால் ஓம்ஸ் சொச்சம், கிட்டத்தட்டத் தொட்டமாதிரிதான். அதே மேக்னட் 7 மெகாஹெர்ட்ஸில் 27 ஓம்ஸ் காட்டும், அங்கே அது நல்ல இணைப்பு இல்லை. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

"ஜீப்பில் 40 மீட்டர் பேண்டில் பேச ஆசை. எட்டடிக் கம்பியும் காயிலும் வாங்கிவிட்டேன். மேக்னட்டிலேயே வைக்கலாமா? எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 காட்டுகிறதே, அப்புறம் என்ன குறை?" (நீலகிரி வாசகர்)

1.1 காட்டுகிறது என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. 40 மீட்டர் பேண்ட் என்பது 7 மெகாஹெர்ட்ஸ், அங்கே அலைநீளம் ஏறக்குறைய 42 மீட்டர், கால் அலை பத்தரை மீட்டர். உங்கள் கம்பி இரண்டரை மீட்டர்கூட இல்லை. அவ்வளவு குட்டையான கம்பியின் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியே போகும் பவருக்கு உரிய பங்கு) ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டரை ஓம்ஸுக்குள்தான் இருக்கும், காயிலை அடியில் வைக்கிறீர்களா நடுவில் வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்து. மேட்சிங் எதுவும் இல்லாமல் மீட்டர் 50 ஓம்ஸுக்குப் பக்கத்தில் காட்டுகிறது என்றால் மீதி 47, 48 ஓம்ஸ் எங்கிருந்து வந்தது? காயில் சூடாவதிலும், வண்டிக்கும் தரைக்கும் நடுவில் தொலைவதிலும்தான். 100 வாட் அனுப்பினால் ஐந்து வாட் வெளியே போய், மீதியெல்லாம் சூடாகிறது என்று அர்த்தம். நல்ல இணைப்புக் கொடுத்தபின் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் பயப்படாதீர்கள், அது நஷ்டம் குறைந்ததன் அடையாளம். அடியில் ஒரு மேட்சிங் காயில் போட்டு அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

இந்த அலைநீளத்தில் ஜீப் கிரவுண்ட் பிளேனே கிடையாது. நான்கு மீட்டர் வண்டி, 42 மீட்டர் அலைக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி. அது ரோட்டோடு சேர்ந்து ஒரு பெரிய கெப்பாசிட்டர்போல வேலை செய்கிறது, மின்னோட்டம் தார் ரோடு வழியாக, ஈர மண் வழியாக, காய்ந்த பாறை வழியாகத் திரும்பி வருகிறது. மத்திய அலை வானொலிக் கோபுரங்களுக்கு அடியில் மண்ணுக்குள் செம்புக் கம்பிகளைச் சூரியக் கதிர்போலப் பரப்பிப் புதைத்திருப்பார்கள், அதற்குக் காரணம் இதே நஷ்டம்தான். அமெரிக்காவில் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூன்று பொறியாளர்கள் 1937-ல் இதை அளந்து எழுதினார்கள், 120 கம்பிகள் என்ற வழக்கம் வானொலி நிலையங்களில் நிலைத்தது அதிலிருந்துதான். வண்டிக்குப் பின்னால் நாம் 120 கம்பியை இழுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் இருக்கிற இரும்பு முழுவதையும் ஒரே துண்டாக்க வேண்டும்.

பானெட், கதவுகள், பின்கதவு எல்லாமே கீலில் தொங்குகின்றன. கீலில் கிரீஸ், ரப்பர், பெயின்ட். ஒவ்வொன்றையும் வண்டி உடம்போடு அகலமான செம்புப் பின்னலால், முடிந்தவரை குட்டையாகச் சேருங்கள். பழைய கோஆக்ஸ் கேபிளிலிருந்து உருவிய பின்னலே போதும், இரண்டு முனையிலும் லக் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். ஜீப் என்றால் உடம்புக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும், அங்கே நான்கு மூலையிலும் போடுங்கள். சைலன்ஸர் குழாயை மறக்கவே கூடாது. அது ரப்பர் வளையத்தில் தொங்கிக்கொண்டு இன்ஜின் இரைச்சலையெல்லாம் வாங்கி வெளியே விடும் இன்னொரு ஆன்டெனா. அதை இரண்டு மூன்று இடத்தில் சேஸிஸோடு கட்டியபின் என் ரேடியோவில் டிக்டிக் என்று கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது, அதுவரை கேட்காத மெல்லிய குரல்கள் எழுந்து வந்தன.

மேக்னட்டை இதற்கு விட்டுவிடுங்கள். 27 ஓம்ஸைக் காயிலால் சரிக்கட்டிவிடலாம்தான், ஆனால் அது மின்னோட்டத்தைக் கேபிள் பின்னல் பக்கம் தள்ளிவிடும். தவிர எட்டடிக் கம்பி மலைப்பாதைக் காற்றில் மேக்னட்டையே பிடுங்கிவிடும். சேஸிஸில் போல்ட் போட்ட பிராக்கெட்தான் சரி. இன்னொன்று: கம்பியின் அடி ஜீப்பின் டாப் உயரத்தில் இருந்தால், எட்டடியும் சேர்ந்து நான்கு மீட்டரைத் தாண்டும். தாழ்வான கரண்ட் கம்பிகளையும் ரயில்வே கேட்டையும் கடக்கும்போது கம்பியை மடக்கிக் கட்டிவிடுங்கள். ரயில் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட்.

"ஃபைபர் படகில் வி.எச்.எஃப். செட் வைத்திருக்கிறோம். கடல் தண்ணீரே நல்ல கிரவுண்ட் என்கிறார்கள். ஆன்டெனாவிலிருந்து வயர் எடுத்துத் தண்ணீரில் விடலாமா?" (நாகப்பட்டினம் மாவட்ட மீனவர் ஒருவர்)

விட வேண்டாம் அண்ணே. உப்புத் தண்ணீர் நல்ல கிரவுண்ட் என்பது மெகாஹெர்ட்ஸ் குறைவான அலைவரிசைகளுக்கு உண்மை. நீங்கள் பேசும் கடல் வி.எச்.எஃப்.-பில், உதாரணமாக ஆபத்தில் கூப்பிடும் 16-ம் சானலின் 156.8 மெகாஹெர்ட்ஸில், கால் அலை 48 செ.மீ. தண்ணீர்வரை இறங்குகிற வயர் அதைவிட நீளமாகிவிடும், மதுரை வாசகருக்குச் சொன்ன அதே கதைதான். ஃபைபர் உடம்பு ரேடியோவுக்குக் காற்று மாதிரி, அதனால் காருக்கென்று விற்கும் கால் அலைக் கம்பியை அதில் மாட்டாதீர்கள். படகுக்கென்று விற்கும் ஆன்டெனாக்களில் கிரவுண்ட் தேவைப்படாத அரை அலை வகை கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். காசை உயரத்தில் போடுங்கள்: கம்பம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் கேட்கும். கேபிள் இணைப்பில் உப்புக்காற்று நுழையாமல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், கரை திரும்பும்போதெல்லாம் ஒரு தடவை அதைத் தடவிப் பாருங்கள். 16-ம் சானலில் நீங்கள் கூப்பிடும் குரல் மறுகரையில் கேட்க வேண்டிய நாள் வந்தால், அன்றைக்கு இதெல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

"புல்லட்டில் வைக்கலாமா?" (வேலூர் வாசகர்)

வைக்கலாம். பைக்கில் பரவ இடமே இல்லை, அதனால் அரை அலைக் கம்பி, பின்சீட்டுக்குப் பின்னால், உட்காருபவரின் முதுகிலிருந்து தள்ளி. பவரைக் குறைத்து வையுங்கள். காரில் டாப் தகடு உள்ளே இருப்பவர்களுக்கு மறைப்பாகவும் இருக்கிறது, பைக்கில் அந்த வசதி கிடையாது.

"டாப்பில் ஓட்டை போடச் சொல்கிறார்கள். புது வண்டியில் மனசு வரவில்லை." (சென்னை வாசகர்)

வராதுதான். ஆனால் என்னைக் கேட்டால், ஐந்தாறு வருஷம் வைத்திருக்கப்போகிற வண்டி என்றால் ஓட்டைதான் சிறந்தது. என்.எம்.ஓ. என்ற வகை மவுண்டுக்கு முக்கால் அங்குல, அதாவது 19 மி.மீ. ஓட்டை போதும். பின்னல் நேராகத் தகட்டைக் கடிக்கும், பெயின்ட் குறுக்கே வராது, ரப்பர் வளையம் மழையைத் தடுக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு மூடி போட்டால் வெளியே தெரிவது ஒரு சின்ன வட்டம்தான். முதலில் உள்ளே லைட் கூட்டைக் கழற்றி, மேல் துணியை இறக்கி, அந்த இடத்தில் குறுக்குச் சட்டமோ வயரோ இல்லை என்று கண்ணால் பாருங்கள். பக்கத்துத் தூண்களில் ஏர்பேக் இருந்தால் அதற்கு முன்னால் கேபிள் குறுக்கே போகக் கூடாது, பின்னால்தான் போக வேண்டும். ஓட்டையின் விளிம்புக்குத் துரு தடுக்கும் பிரைமர் வையுங்கள், மவுண்ட் கடிக்கும் அடிப்பக்கத்தை மட்டும் வெறும் இரும்பாக விடுங்கள்.

மேக்னட்டிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து அடியைத் துடையுங்கள். ரோட்டிலிருந்து பறந்து வரும் இரும்புத் தூள் அதில் மீசைபோல ஒட்டிக்கொண்டிருக்கும், அப்படியே திரும்ப வைத்தால் டாப்பில் வட்டமாக அரைத்துவிடும். ஐப்பசி கார்த்திகை முழுக்க எடுக்காமல் விட்டுவிட்டுத் தையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வட்டம் எந்த நிறத்தில் இருந்தது என்று தெரியும்.

"ட்ராவல்ஸ் வேனில் ஜி.பி.எஸ். ஆன்டெனா வில்லை டேஷ்போர்டுக்குள் இருக்கிறது, அடிக்கடி இடம் தப்பாகக் காட்டுகிறது. இதற்கும் கிரவுண்ட் பிளேனா?" (சேலம் வாசகர்)

இதற்கும்தான். 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 19 செ.மீ. வில்லைக்குள் ஒரு சின்னத் தகடு ஏற்கெனவே உண்டு, அடியில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்று வைத்தால் கீழிருந்து எதிரொலித்து வரும் சிக்னல் குறையும். ஆனால் வில்லை வானத்தைப் பார்க்க வேண்டும், மேலே உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் டேஷ்போர்டுக்குள் அதற்கு மேலே ஏ.சி. குழாய்த் தாங்கி ஏதாவது ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால், வில்லையை வெளியே எடுத்து டாப்பில் ஒட்டிவிடுங்கள்.